துரத்துவது எதற்காக?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர்களைப் பேசக் கூப்பிட்டால் சீனி வருத்தம், பிரஷர் என்று தொடங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்கத் தயாராக வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் உயிரியல் படித்து வைத்தியத் துறைக்குப் போன தோழிகள் சேர்ந்து யோசித்து, மீன்தொட்டியைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தோம். எங்களில் பலருடைய வீட்டில் இப்போது தொட்டி இருக்கிறது. பிள்ளைகள் கேட்டு வாங்கியது. தண்ணீர் மாற்றுவது அம்மாமார். தொட்டி வைத்திருக்கும் எல்லோரும் ஒருநாள் கேட்கிற கேள்வி ஒன்றுண்டு. ஒரு மீன் இன்னொரு மீனை விடாமல் துரத்துகிறது. இது விருப்பமா, சண்டையா? பிரித்து வைக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

சின்னக் கேள்விதான். ஆனால் பிழையாகப் பதில் சொன்னால் விடியும்போது ஒரு மீன் செத்து மிதக்கும்.

கண்ணை நம்ப முடியாது என்பதற்கு இரண்டு மீன்களைச் சொல்கிறோம். மீன் கடைகளில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கௌராமி விற்பார்கள். முத்தமிடும் கௌராமி என்று பெயர். இரண்டும் தடித்த உதடுகளை நீட்டி, வாயோடு வாய் வைத்து நிற்கும். எத்தனையோ பேர் அதைப் பார்த்து மயங்கிச் சோடியாக வாங்கிப் போயிருக்கிறார்கள். அங்கே நடப்பது பெரும்பாலும் பலப்பரீட்சை. வாயைக் கோர்த்துக்கொண்டு ஒன்றையொன்று தள்ளிப் பார்க்கின்றன. யார் பின்வாங்குவது என்று தெரியும்வரை தள்ளும். மற்ற வேளையில் அதே உதட்டால் கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். முத்தம் என்பது நாம் வைத்த பெயர்.

இதற்கு நேர் எதிர், நம் வீட்டுத் தங்கமீன். இரண்டு மூன்று ஆண்கள் சேர்ந்து ஒரு பெண்ணைத் தொட்டி முழுக்கத் துரத்தும். வயிற்றில் முட்டும். செடிக்குள்ளே தள்ளும். பார்க்கிற பிள்ளை அழும். அதுதான் தங்கமீனின் இணைதேடல். அப்படி முட்டி முட்டித்தான் பெண் முட்டைகளைச் செடிகளின்மேல் சொரிகிறது. சில மணி நேரத்தில் துரத்தல் அடங்கிவிடும். பிறகு தாயும் தந்தையும் சேர்ந்து அந்த முட்டைகளையே தின்னும். அது வேறு கதை.

தங்கமீனைப் பற்றி எங்களுக்குப் பிடித்த இன்னொரு விஷயம் உண்டு. இணைசேரும் காலத்தில் ஆணின் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் வெள்ளை வெள்ளையாகச் சிறு முத்துகள் தோன்றும். வெண்புள்ளி நோய் என்று பயந்து மருந்து ஊற்றுகிறவர்கள் அதிகம். வைத்தியர்களுக்கு இது பழக்கமான சிக்கல்: ஒரே அறிகுறி, இரண்டு காரணம். நோய்ப் புள்ளி உப்புத் தூவியதுபோல உடம்பிலும் வாலிலும் ஒழுங்கில்லாமல் பரவியிருக்கும்; மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கும்; மூச்சு வேகமாக வாங்கும்; தீனியை விட்டுவிடும். முத்தோ செவுளிலும் துடுப்பிலும் மட்டும் ஒழுங்காக இருக்கும். மீன் நன்றாகத் தின்னும். புள்ளியை மட்டும் பார்க்கிறவர் பிழை விடுவார். புள்ளி எங்கே, மீன் என்ன செய்கிறது என்று பார்க்கிறவருக்கு விளங்கும். துரத்தலுக்கும் இதே முறைதான்.

இந்த இரண்டும் ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன? அதற்கு ஒரு பதில் நம் நாட்டு மீனிலேயே கிடைத்தது. பதுளையிலிருந்து பிபிலை, மஹா ஓயா தாண்டிச் செங்கலடிக்கு இறங்குகிற வீதியில் மட்டக்களப்புக்குப் போனவர்கள் வாவி மீன் சாப்பிட்டிருப்பீர்கள். சிங்களத்தில் கொரலியா என்று சொல்லும் மீன் அங்கே கிடைக்கும். அதன் சிறிய உறவு ஒன்று, மஞ்சளும் செம்மஞ்சளுமாக, விரல் நீளத்தில் இருக்கும். உலகமெங்கும் தொட்டிகளில் ஒரேஞ் குரோமைட் என்ற பெயரில் வளர்கிறது. சிக்லிட் என்ற பெரிய மீன் குடும்பத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் ஆபிரிக்காவிலும் அமெரிக்காவிலும் இருக்க, ஆசியாவின் பங்கு இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இந்தச் சிறு கூட்டமும் மேற்காசியாவில் சிலவும்தான்.

1970களில் ஜாக் வோர்ட், ரிச்சர்ட் வைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த மீன்களை இலங்கையில் வைத்தே ஆராய்ந்தார்கள். இவற்றில் தாயும் தந்தையும் சேர்ந்தே குஞ்சைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் உரசியும் கொத்தியும் தோலின் மேலுள்ள சளியைத் தின்னும். நம் பாலூட்டலுக்குக் கிட்டிய விஷயம். வளர்ந்த மீனின் சண்டை அசைவுகளும் சோடி சேரும் அசைவுகளும் அந்தக் குஞ்சுப் பருவத்து உரசலிலும் கொத்தலிலும் இருந்தே கிளைக்கின்றன என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. இரண்டுக்கும் வேர் ஒன்று. அப்படியானால் அசைவை மட்டும் பார்த்து எது எது என்று சொல்ல முடியாமல் போவதில் அதிசயம் இல்லை.

இதே சிக்கலை ஐரோப்பாவில் நிக்கோ டின்பெர்கன் ஸ்டிக்கிள்பாக் என்ற முள்மீனில் பார்த்தார். இனப்பெருக்க காலத்தில் ஆணின் வயிறு சிவக்கும். சிவப்பு வயிற்றோடு வரும் எதையும் அது தாக்கும். நெதர்லாந்தின் லைடன் நகரில் யன்னலோரத்துத் தொட்டியில் இருந்த ஆண்கள், வீதியில் போன சிவப்புத் தபால் வண்டியைப் பார்த்துக்கூடச் சீறினவாம். பெண் வரும்போதும் அந்த ஆண் வளைந்து வளைந்து பாய்கிறது. ஒரு பாய்ச்சல் அவளை நோக்கி, அடுத்தது கூட்டை நோக்கி. பாதி தாக்குதல், பாதி அழைப்பு. பெண் தலையை உயர்த்தி முட்டை நிறைந்த வயிற்றைக் காட்டினால் அழைப்பு வெல்கிறது. டின்பெர்கனுக்கும் கொன்ராட் லொரென்ஸுக்கும் கார்ல் வொன் ஃபிரிஷுக்கும் 1973 இல் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவத்துக்கான பரிசு! மீனையும் வாத்தையும் தேனீயையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மருத்துவப் பரிசா என்று அந்நாளில் கேட்டவர்கள் இருந்தார்கள். எங்களுக்கு அதில் குறை தெரியவில்லை.

அந்த ஆண் மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தால் விடை வராது என்பதுதான் இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. அதன் பாய்ச்சல் இரண்டுக்கும் ஒன்றே. விடை துரத்தப்படுகிற மீனிடம் இருக்கிறது. தொட்டி முன்னால் உட்காரும் பலரும் நிறம் கூடிய, துடுப்பு விரித்த, ஆட்டம் போடுகிற மீனையே பார்ப்பார்கள். மற்றதைப் பாருங்கள் என்று நாங்கள் சொல்கிறோம். அது ஓடிப்போய்த் திரும்பி வருகிறதா? ஆண் நின்றால் அதுவும் நிற்கிறதா? அல்லது மேல் மூலையில், பம்புக்குப் பின்னால், துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒளிகிறதா? தீனி போட்டால் வருகிறதா? வால் கிழிந்திருக்கிறதா? சோடி சேரும் சிக்லிட்கள்கூட வாயைக் கோர்த்து இழுத்துப் பார்க்கும். ஆனால் இரண்டும் மாறி மாறி இழுக்கும். முடிந்ததும் சேர்ந்து ஒரு கல்லைத் துப்புரவாக்கத் தொடங்கும். ஒன்று மட்டும் இழுத்து, மற்றது ஒளிந்தால் அங்கே சோடி இல்லை.

ஃபைட்டர் மீனில் இதைப் பாடப்புத்தகம்போல் பார்க்கலாம். கடையில் சிறு போத்தல்களில் தனித்தனியாக வைத்து விற்கிற நீளத் துடுப்பு மீன்தான். தாய்லாந்து 2019 இல் அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. ஆண் இன்னொரு ஆணைக் கண்டால் செவுள் மூடியை விரித்து, தாடி வைத்ததுபோல் நிற்கும். பெண்ணைக் கண்டாலும் அதேதான் செய்யும்! முதலில் அவளையும் கடிக்கும், துரத்தும். இப்போது பெண்ணைப் பார்க்க வேண்டும். அவள் தயாராக இருந்தால் உடம்பில் மேலிருந்து கீழாக வெளிர் கோடுகள் தெரியும். வயிற்றின் கீழே ஒரு வெண்புள்ளி துருத்தும். தலையைத் தாழ்த்திக்கொண்டு, ஆண் நீர்மட்டத்தில் கட்டிய நுரைக்கூட்டை நோக்கித் தானே நீந்துவாள். தயாரில்லை என்றால் நிறம் வெளுத்து, தலையிலிருந்து வால்வரை நீளவாக்கில் கோடு ஓடும், ஓடி ஒளிவாள். குறுக்குக் கோடு, நெடுக்குக் கோடு. இவ்வளவுதான் வித்தியாசம். அதைப் பார்க்கத் தெரியாமல் "பழகட்டும்" என்று விட்டவர்களுடைய தொட்டியில் பெண் பிழைப்பதில்லை.

கூடிய பிறகும் கவனம் வேண்டும். ஆண் அவளைச் சுற்றி வளைத்துத் தழுவும். முட்டைகள் விழும். அவள் ஒரு கணம் செத்ததுபோல் மிதப்பாள், பயப்பட வேண்டாம். ஆண் முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் வைக்கும். முட்டை தீர்ந்ததும் அதே ஆண் அவளை எதிரியாகத் துரத்தும், கூட்டைக் காப்பதற்காக. உடனே அவளை வெளியே எடுக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு இணைதேடலாக இருந்தது ஆறு மணிக்குச் சண்டை. ஒருமுறை சரியென்று பார்த்துவிட்டோம் என்று எழுந்து போக முடியாது.

இனி கப்பி. பதுளையில் கப்பி வளர்க்காத பிள்ளை உண்டா? நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்பதற்காகக் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் விடப்பட்ட மீன் அது. ஊவாவின் தாழ்ந்த பக்கங்களில் மலேரியா எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பது வயதில் மூத்த அக்காமாருக்குத் தெரியும். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. பெருமை முழுவதும் கப்பிக்குச் சேராது. மருந்து தெளித்தவர்களுக்கும் இரத்தப் பரிசோதனைக்காக வீடு வீடாக நடந்தவர்களுக்கும்தான் பெரிய பங்கு. இன்று டெங்குக் காலத்தில் கப்பி மீண்டும் தொட்டிகளுக்கு வருகிறது.

கப்பி ஆண் பெண்ணை அணுகுவதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, அவள் முன்னால் வந்து, உடம்பை எஸ் எழுத்துப்போல் வளைத்து, நடுங்கிக் காட்டுவது. அவளுக்கு விருப்பமென்றால் மெல்ல அவன் பக்கம் வருவாள், இல்லையென்றால் போய்விடுவாள். மற்றது, பின்னாலிருந்து ஓசைப்படாமல் வந்து பலவந்தமாக முயல்வது. அவள் சம்மதத்துக்கு அதில் இடமே இல்லை. நாள் முழுவதும் இது நடக்கும். அதனால் அவளுக்கு என்ன ஆகிறது என்று 1994 இல் ஆன் மகுரன், பெனோனி செகர்ஸ் இருவரும் எழுதினார்கள்: ஆண்களின் தொல்லையால் பெண் கப்பி தின்னும் நேரம் குறைகிறது. 2008 இல் சாஃபி டார்டன், டாரன் குரொஃப்ட் இருவரும் கப்பியின் சொந்த ஊரான டிரினிடாட் ஆறுகளில் பார்த்து எழுதியது இன்னும் கடுமையானது. ஆண்களிடமிருந்து தப்புவதற்காகப் பெண்கள், தங்களைத் தின்னும் பெரிய மீன்கள் இருக்கிற பக்கத்துக்கே போய்விடுகின்றன.

இந்த வரியை வாசித்தபோது எங்களில் ஒருவருக்கும் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

மீனை வைத்து மனிதருக்குச் சட்டம் எழுதக் கூடாது. மீன் செய்கிறது, ஆகவே ஆண்பிள்ளை செய்வதும் இயற்கை என்று ஒருவர் சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். தன் முட்டையைத் தானே தின்னும் மீனிடம் நாம் ஒழுக்கம் படிக்கப் போவதில்லை. ஆனால் எப்படிப் பார்ப்பது என்பதைப் படிக்கலாம். பஸ் தரிப்பிடத்திலிருந்து வீடுவரை ஒருவன் பின்னாலேயே வருகிறான். "உன்மேல் விருப்பம் போல" என்று தோழிகள் சிரிக்கிறார்கள். சந்தேகப்பட்டு போனைப் பிடுங்கிப் பார்க்கிறான். "பாசம் கூடினவன்" என்று மாமி சொல்கிறார். கை ஓங்குகிறான், "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று நம் மொழியிலேயே ஒரு வசனம் தயாராக இருக்கிறது. எல்லோரும் அவனுடைய ஆட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, யாரோடும் பேசுகிறாளா, அவன் வரும் சத்தம் கேட்டால் என்ன செய்கிறாள் என்று பார்ப்பவர் குறைவு.

வைத்தியசாலையில் நாங்கள் அவளைக் கடைசியில்தான் பார்க்கிறோம். படியில் விழுந்தேன், கதவில் இடித்தது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். குடிசன மதிப்பீட்டு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, இலங்கையில் துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் அந்தத் துணையிடமிருந்தே உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையைச் சந்தித்திருக்கிறார். இந்த மண்டபத்தில் ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை கதிரை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தொட்டிக்கும் ஓடைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பெரும்பாலான மீன் சண்டைகள் ஓடையில் உயிர் எடுப்பதில்லை. தோற்றது நீந்திப் போய்விடும். வென்றது பத்தடி துரத்திவிட்டுத் திரும்பும். அதே மீனை இரண்டு அடிக் கண்ணாடிக்குள் போட்டால் தோற்றது எங்கே போகும்? துரத்துகிற மீனின் கண்ணுக்கு அது இன்னும் எதிரே நிற்கிறது. ஆகவே மறுபடி கடிக்கிறது. மீனின் குணம் மாறவில்லை, சுவர் வந்துவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்கள் எங்களிலும் இருக்கிறோம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது எல்லாம் காதில் விழுகிற இடத்தில், ஒருவருக்கும் தெரியாததுபோல நடக்கப் பழகியவர்கள். அந்த வீட்டிலிருந்து இரவில் வெளியே போக வேண்டுமென்றால் எங்கே போவது என்ற கேள்விக்கு நம் தோட்டங்களில் நல்ல பதில் இல்லை.

போகிற வழிகள் சில உண்டு. அவற்றைத் தங்கைமாருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. பல அரசாங்க வைத்தியசாலைகளில் நட்பு நிலையம், சிங்களத்தில் மிதுரு பியச, என்று ஓர் அறை இருக்கிறது. வெளிநோயாளர் பிரிவில் காய்ச்சலுக்கு வந்ததாகச் சொல்லிக்கூட அங்கே போய்ப் பேசலாம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பழைய மாணவிகளில் சட்டத்தரணிகளும் இருக்கிறீர்கள். உங்கள் பெயரை இப்போதே சொல்லி வம்பில் மாட்டிவிட மாட்டோம். ஆனால் தேடி வருவோம்.

இனி, இந்தப் பேச்சுக்கு உண்மையான காரணம். பாடசாலையின் விஞ்ஞான கூடத்துக்கு எங்கள் வகுப்பின் சார்பில் ஒரு மீன்தொட்டி தருகிறோம். அழகுக்காக அல்ல, பார்த்து எழுதுவதற்காக. மூன்று அடி நீளம். அதற்குள் செடியும் கல்லும் உடைந்த மண்சட்டியும் நிறைய இருக்கும். ஒரு மீன் மற்றதன் கண்ணில் படாமல் ஒதுங்க நாலைந்து இடமாவது வேண்டும். வெறும் கண்ணாடித் தொட்டி பார்க்க வசதி, மீனுக்குச் சிறை. அதில் கப்பி விடுவோம்: ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில், அப்போதுதான் தொல்லை ஒருத்திமேல் மட்டும் விழாது. இடம் இருந்தால், நம் நாட்டுக்கே உரிய டிட்டெயா என்ற சிவப்புச் சிறு மீன் ஒரு கூட்டமும். 1929 இல் தெரணியகல அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். காட்டில் பிடித்ததை வாங்க மாட்டோம், பண்ணையில் வளர்த்தது மட்டும். ஃபைட்டர் தனியாக, வேறு தொட்டியில்.

தரம் 10 பிள்ளைகள் சோடி சோடியாக உட்கார்ந்து பதினைந்து நிமிடம் பார்க்கட்டும். ஒருத்தி துரத்துகிற மீனை மட்டும் எழுதட்டும், மற்றவள் துரத்தப்படுகிற மீனை மட்டும். பிறகு கொப்பிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பேரும் வேறு வேறு தொட்டியைப் பார்த்தார்களோ என்று தோன்றும். அந்த நேரத்தில் ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நல்லது.

சில நடைமுறைகள். குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் திறந்து வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். மார்கழிக் குளிரில் தண்ணீரை ஒரேயடியாக மாற்றக் கூடாது. குஞ்சு பெருகினால் பதுளு ஓயாவில் கொண்டுபோய் விடுவது புண்ணியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் ஓடை மீன்களுக்கு அது கேடு. வேண்டியவர்களுக்குப் போத்தலில் கொடுங்கள். எந்த மீனாவது மூலையில் ஒதுங்கி, இரண்டு நாள் தீனிக்கு வராவிட்டால், காரணம் தெரியும்வரை காத்திருக்காமல் முதலில் அதைப் பிரித்து எடுங்கள். அதற்கென ஒரு சிறு தொட்டியும் சேர்த்தே தருகிறோம். அது எப்போதும் தண்ணீரோடு தயாராக இருக்க வேண்டும்.

விடுமுறையில் தீனி போடுவது யார் என்பதை மட்டும் விடுதிப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்துக்கொள்ளட்டும்.